நூறால் வகுத்த பிறகு

பூச்சிமருந்தின் ஆபத்தை மதிப்பிடும் அறிவியலில் எனக்கு மதிப்புள்ள ஓர் எண் உண்டு: 100. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமனும் ஃபிட்ஸ்ஹியூவும் 1954இல் முன்வைத்தது. விலங்குக்குத் தீங்கு செய்யாத அளவை எடுத்துக்கொள்கிறார்கள். மனிதர் விலங்கிலிருந்து வேறுபடலாம் என்பதற்காகப் பத்தால் வகுக்கிறார்கள். மனிதருக்குள்ளும் குழந்தை, கர்ப்பிணி, நோயாளி என்று உடல்கள் வேறுபடும் என்பதற்காக இன்னொரு பத்து. ‘எங்களுக்குத் தெரியாது’ என்பதைக் கணக்கிலேயே எழுதிவைத்த நேர்மை அது.

ஆனால் அப்படிக் கிடைக்கும் ‘தினசரி ஏற்கத்தக்க அளவு’ உண்பவருக்கானது. காயைப் பறிப்பவளுக்கு?

போடிநாயக்கனூரிலிருந்து விடியுமுன் கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு தாண்டி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. காய் எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஏலக்காய் கிளையில் தொங்குவதில்லை. தூரடியில், தரையை ஒட்டிச் சரம் சரமாகக் காய்க்கும். மருந்தும் அந்தத் தூருக்குத்தான் அடிக்கிறார்கள். எல்லாக் காயும் ஒன்றாக முற்றாததால் அதே தூரில் திரும்பத் திரும்பக் குந்த வேண்டும்.

மருந்து டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவை வைத்து நிறம் தீர்மானமாகிறது. ஏலத்தில் இலைப்பேனுக்கு அடித்துவந்த குயினால்பாஸுக்கு மஞ்சள். ஒரே தடவையில் உள்ளே போனால் சாவு வருமா என்பதை அந்த நிறம் சொல்லும். கொஞ்சங்கொஞ்சமாக, வருஷக்கணக்கில், விரல் வழியே போனால்? அதற்கு நிறம் இல்லை. இன்றொரு மருந்து, அடுத்த மாதம் வேறொன்று என்று மாறிமாறி அடித்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறார்கள். அவளுக்கு இருப்பதோ ஒரே உடல்.

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 37ஆவது விதி மருந்து தயாரிப்போருக்கும் தெளிப்போருக்கும் மருத்துவப் பரிசோதனை கேட்கிறது; குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளென்றால் ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவையும் பார்க்கச் சொல்கிறது. தெளிப்பது பெரும்பாலும் ஆண் வேலை. தோன்றா எழுவாய் பற்றி வகுப்பில் நடத்துகிறோம்: ஆளைச் சொல்லாவிட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். இந்த விதியில் பறித்தல் என்ற வினையே இல்லை.

உண்பவர் விஷயத்தில் தெரியாதது பத்தாகிறது, பறிப்பவள் விஷயத்தில் அது பூஜ்ஜியமாகிறது. அளக்கவில்லை, அதனால் பதிவில்லை, அதனால் ஆபத்தில்லை. இதைத்தான் ஆண்மையக் கணக்கு என்கிறேன். பறிப்பவர்களைப் பற்றிப் போதிய தரவு இல்லை என்று நிபுணர்கள் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. தரவு போதாதபோது பத்தால் வகுக்கச் சொன்னது அவர்களுடைய முறைதானே?

ஏற்றுமதியாகும் காயில் எச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். அதைப் பறித்த கையைப் பார்ப்பதில்லை. விதியில் ‘தெளிப்போர்’ என்பதை அடுத்து ‘பறிப்போர்’ என்று சேர்த்தால், இல்லையென்று சொல்லும் தரவு முதல் மாதத்திலேயே வரத் தொடங்கும். போடியிலேயே ரத்தம் எடுக்கலாம். சாயங்காலம் ஜீப் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.