பிளஸ் டூ நர்சிங் பிரிவு எங்கே கொண்டுபோய் விடுகிறது?

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 'நர்சிங் குரூப்' எடுக்கும் மாணவி முதலில் பழகுவதில் ஒன்று, கட்டில் விரிப்பது. விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருக வேண்டும். சுருக்கம் விழக் கூடாது. நாள்கணக்கில் எழ முடியாமல் கிடப்பவரின் முதுகில் அந்தச் சுருக்கம் அழுத்தி அழுத்தியே புண் வரும். நாடியை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, முக்கோணத் துணியால் கை முறிவுக்குத் தூளி கட்டுவது என்று பாடம் நீள்கிறது. 16 வயதில் இதையெல்லாம் கற்பது நல்லதுதான். ஆனால் இது ஒரு தொழிற்கல்விப் பிரிவு. ஆகவே தொழிலைக் கொடுக்கிறதா, இல்லையென்றால் மேற்படிப்புக்காவது வழிவிடுகிறதா என்றுதான் அதை எடைபோட வேண்டும்.

மேல்நிலைக் கல்வி 1978இல் இங்கே வந்தபோதே தொழிற்கல்வியும் கூட வந்தது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான தேசியக் குழுவும் பிளஸ் டூவில் தொழிற்கல்விக்காக வாதாடியது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 25 சதவீதத்தினர் 1995க்குள் தொழிற்கல்வியில் இருப்பார்கள் என்றது. 2020 கொள்கை, 2025க்குள் குறைந்தது பாதி மாணவருக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்கும் என்றது. இலக்கு வைப்பதில் நாம் ஒருநாளும் சளைத்ததில்லை.

சான்றிதழுக்கு வருவோம். இந்தியாவில் செவிலியராகப் பணிபுரிய மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். பிளஸ் டூ நர்சிங் அந்தப் பதிவுக்குப் போதாது. பரிசோதனைக்கூடம், எக்ஸ்ரே போன்ற துறைகளுக்குப் போகலாமே என்றால், 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் 2,000 மணி நேரமாவது படித்த டிப்ளமோ அல்லது பட்டம் கேட்கிறது. பள்ளிச் சான்றிதழுக்கு அங்கும் இடமில்லை.

மேற்படிப்பு இன்னும் மோசம். பி.எஸ்சி. நர்சிங்கில் சேர இந்திய செவிலியர் கவுன்சில் கேட்பது இயற்பியல், வேதியியல், உயிரியல். நர்சிங் குரூப்பில் முதல் இரண்டும் கிடையாது. அதாவது, நர்சிங் படித்த பெண் நர்சிங் பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர முடியாது. நோயாளியின் கட்டிலைத் தொட்டே பார்த்திராத பயாலஜி குரூப் மாணவி சேரலாம். அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. மருத்துவத்தின் மேல் ஆசைப்பட்டு நர்சிங் குரூப்பில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவி அந்தப் பக்கமே போக முடியாது, ஏனென்றால் நீட் எழுதவும் அதே மூன்று பாடங்கள் வேண்டும். அவளுக்குத் திறந்திருப்பவை டிப்ளமோ நர்சிங்கும் துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) பயிற்சியும். அங்கேயும் முதல் நாளிலிருந்து கட்டில் விரிக்கத் தொடங்க வேண்டியதுதான். பள்ளியில் படித்த இரண்டு ஆண்டில் ஒரு மாதம்கூடக் கழியாது. அதே பள்ளியில் மெக்கானிக்கல் பிரிவில் படித்தவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு உண்டு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

"தனியார் நர்சிங் ஹோமில் உடனே வேலை கிடைக்கிறதே" என்பார்கள். கிடைக்கிறது. எந்தப் பெயரில் என்பதுதான் சிக்கல். பதிவில்லாத பெண்ணைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து ஊசியும் போடச் சொன்னால், அது நோயாளிக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. ஏதாவது ஆகிவிட்டால் அவளைக் காக்கச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. இதை வேலைவாய்ப்புக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கா 1987இல் ஒரு சட்டம் போட்டது. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் செவிலியர் உதவியாளராக இருக்கக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். தேறியவர் பெயர் மாநிலப் பதிவேட்டில் ஏறும். அங்கே பல உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்கள் படிக்கும்போதே இந்தத் தேர்வை எழுதிவிடுகிறார்கள். அந்த வேலையைப் புகழ ஒன்றுமில்லை. சம்பளம் சொற்பம், முதுகு ஒடியும், ஆட்கள் நிலைப்பதில்லை. இருந்தும் 75 மணி நேரத்துக்குக் கிடைக்கும் சட்டப் பெயர் நம் மாணவிக்கு இரண்டு ஆண்டு படித்தும் கிடைப்பதில்லை.

இங்கே வேலை இல்லாமலும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 சதவீதத்துக்கு மேல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நர்சிங் குரூப் பயிற்சிக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு வேலை இல்லை. ஆனால் அந்தத் தன்னார்வலர்களைச் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுத்தார்கள். பள்ளிக் கல்வித் துறை ஒரு பக்கம் ஆளைத் தயார் செய்கிறது, சுகாதாரத் துறை இன்னொரு பக்கம் ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்கிறது.

பேசாமல் இந்தப் பிரிவை மூடிவிட்டு எல்லாரையும் பயாலஜி குரூப்பில் சேர்க்கலாமே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்ததால் இங்கே தள்ளப்பட்ட பெண்களே அதிகம். இயற்பியலும் வேதியியலும் கட்டாயம் என்றால் அவர்களில் பலர் பள்ளியிலேயே இருக்க மாட்டார்கள். அதனால் மூடுவதை நான் ஏற்கவில்லை. இன்றைய வடிவில் தொடர்வதையும் ஏற்கவில்லை. 'நர்சிங்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'சுகாதார உதவியாளர்' என்று வைக்கட்டும். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று வரையறுத்து, பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, அரசுத் திட்டங்களில் அவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கட்டும். விரும்புகிறவர்களுக்கு ஓராண்டு அறிவியல் இணைப்புப் படிப்பு ஒன்றைத் தொடங்கி, பட்டப்படிப்புக்கு வழிவிடச் செவிலியர் கவுன்சிலிடம் கேட்கட்டும். இது நடக்கும்வரை, பிளஸ் ஒன் சேர்க்கை நேரத்தில் தலைமையாசிரியர் பெற்றோரிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த குரூப்பில் சேர்ந்தால் நேரடியாக பி.எஸ்சி. நர்சிங் கிடைக்காது. அதைக் கேட்ட பிறகும் சேருகிறவர்கள் சேரட்டும்.