வட்டத்தொட்டியும் நம் வாசிப்பும்

பாளையங்கோட்டையிலிருந்து நெல்லைச் சந்திப்புக்குச் செல்பவர், 1843இல் கட்டி முடிக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தை அடையுமுன் வண்ணார்பேட்டையைக் கடந்தாக வேண்டும். இன்று அங்கே வாகன இரைச்சலே மிகுதி. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலோ, அவ்வூரில் ஒரு வீட்டுத் தொட்டிக்கட்டில் வட்டமாக அமர்ந்து சில நண்பர்கள் கம்பனைப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). கூட்டத்திற்குப் பெயர் வட்டத்தொட்டி. தீர்மானமோ சந்தாவோ இல்லாத இலக்கியச் சங்கம் அது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோது வட்டத்தொட்டியும் அவருடனேயே அருவிக்கரைக்குச் சென்றது. நீதிபதி மகாராஜன், பாஸ்கரத் தொண்டைமான், கி. ராஜநாராயணன் போன்றோர் அவரிடம் பெற்றதை வாழ்நாளெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர்கள்.

அங்கே நடந்தது என்ன? டி.கே.சி. ஒரு பாடலை எடுப்பார், வாய்விட்டுப் படிப்பார், மீண்டும் படிப்பார். சொற்கள் செவியில் விழுந்து தாமே பொருள் தரும்வரை விளக்கவுரைக்கு அவசரமில்லை. நிகண்டும் இலக்கணமும் கொண்டு பாட்டைப் பிளந்து பார்க்கும் பண்டிதர் வழி அவருக்கு ஒத்துவரவில்லை. கவிதைக்கு ஓர் உருவம் உண்டு, அவ்வுருவத்தை இதயம் தொட வேண்டும் என்பது அவர் கொள்கை. எளியோரும் கம்பனைச் சுவைக்கலாம் என்று அவர் காட்டியதைவிட அவருக்கு வேறு பெருமை வேண்டியதில்லை.

இம்முறை கத்தோலிக்கராகிய நமக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ, இறைநூலை வாசித்தல், தியானித்தல், செபித்தல், ஆழ்நிலையில் இளைப்பாறுதல் என ஏணியின் நான்கு படிகளாக வகுத்துச் சொன்னார். முதற்படியில் ஓடுகிறவன் அடுத்த படிக்கு வருவதேயில்லை. நம் மூதாதையர் இதை ஏட்டுக்கல்வியால் அறியவில்லை. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, எழுத்தறியாத மூதாட்டிகள் அடுத்த வரியை முன்கூட்டியே முணுமுணுத்துக் கண்ணீர் வடித்தார்களே, அதுவும் ஒரு வட்டத்தொட்டிதான்.

இவ்வளவும் சொன்னபின் டி.கே.சி.யிடம் எனக்குள்ள தடையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கம்பராமாயணத்தின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் தம் இதயம் தொடாதவற்றைப் பெருமளவில் 'கம்பர் பாடியதன்று' என்றே ஒதுக்கினார். சில இடங்களில் தமக்குச் சரியெனத் தோன்றிய சொல்லை இட்டுப் பாடலையே திருத்தினார். இடைச்செருகல்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றைக் கண்டறியும் கருவி, படிப்பவனின் சுவை மட்டும்தானா? அறிஞர்கள் அன்றே இதைக் கடிந்தார்கள். கடிந்தது முறையே என்பது என் எண்ணம்.

இதே நெல்லைச் சீமை, அதே தலைமுறையில், இன்னொரு வாசகரையும் தந்தது. எஸ். வையாபுரிப் பிள்ளை (1891–1956) சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெரும்பணியை முடித்தார். அவர் சுவடியின் முன் அமரும்போது, தமக்குப் பிடித்தது எது என்பது பிந்திய கேள்வி; எழுதப்பட்டது எது என்பதே முந்திய கேள்வி. அவருடைய காலக் கணிப்புகள் பலருக்குக் கசந்தன. கசப்பதற்காக ஒரு முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. நூலுக்கு முன் இவ்விதம் அடங்கியிருத்தலும் ஒருவகை அன்புதான். ரசனைக்காரர்கள் இதை வறட்டுப் புலமை என்று எளிதில் தள்ளிவிடுகிறார்கள்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாளில் மார்சியோனின் பெயரைக் கேட்டேன். இரண்டாம் நூற்றாண்டினனாகிய அவன் பழைய ஏற்பாட்டை முற்றும் தள்ளினான். லூக்கா நற்செய்தியையும் பவுலின் பத்துத் திருமுகங்களையும் தன் கருத்துக்கேற்ப வெட்டி வைத்துக்கொண்டான். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தேன். அது என்னைப் பற்றிய பாடம் என்று தோன்றவில்லை. (டி.கே.சி.யை மார்சியோனோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் வருந்த வேண்டாம், ஒப்பீடு எனக்குத்தான்.)

பல ஆண்டுகள் நான் நூல்களைப் படித்தது மறையுரைக்குச் சரக்குத் தேடித்தான். பென்சிலோடு உட்காருவேன், ஞாயிற்றுக்கு உதவும் வரியைக் கோடிட்டுக்கொண்டு மீதியைத் தாண்டுவேன். ஒரு நாள் திருப்பலி முடிந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சாக்கிறிஸ்துக்கு வந்தார். "சாமி, தப்பா நெனைக்கக் கூடாது. ஊதாரி மகன் கதையில அப்பா கட்டிப்பிடிச்சதோட நீங்க எப்பவும் நிறுத்திருதீய. மூத்தவன் வெளியவே நிக்கான்லா?" என்றார். வயதான பெற்றோரைக் கடைசிவரை வைத்துக் காத்தவர் அவர் என்பதும், வெளியூர் சென்ற தம்பியோடு அவருக்குப் பேச்சில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் மூத்த மகனை நான் ஒருமுறைகூடப் பிரசங்கித்ததில்லை. எனக்கு இதமான இடத்தில் நற்செய்தியை முடித்திருந்தேன். வெட்டுக்கத்தி ஏதும் தேவைப்படவில்லை, மௌனமே போதுமாயிருந்தது.

தேர்ந்தெடுப்பதே குற்றமா என்று கேட்கலாம். இல்லை. 1971இல் சீரமைக்கப்பட்ட திருப்புகழ்மாலையில், சாபமொழி மிகுந்த 58, 83, 109 ஆகிய திருப்பாடல்கள் சேர்க்கப்படவில்லை. செபத்தில் விட்டார்கள், விவிலியத்திலிருந்து அகற்றவில்லை. அவை அங்கே நம்மை உறுத்திக்கொண்டு காத்திருக்கின்றன. டி.கே.சி. தமக்குப் பிடித்த பாடல்களை மட்டும் தொகுத்திருந்தால் எவருக்கும் வழக்கில்லை. மற்றவை கம்பனுடையவை அல்ல என்றதுதான் வழக்கு.

சுவையும் ஆராய்ச்சியும் ஒருவரிடத்தில் சேரவே சேராவோ என்று ஐயுற வேண்டாம். 3615 பாடல்களில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே 1732இல் சதுரகராதியையும் தொகுத்தார். கவிஞரின் கையும் அகராதிக்காரரின் கையும் ஒன்றாயிருந்தன. நம் வீடுகளில் தேம்பாவணியின் பெயருக்குக் குறைவில்லை. நூலைத் திறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் பங்குத்தந்தையர் உட்படப் பலர் தலை குனிவோம். முப்பத்தாறு படலங்களையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு படலத்தை நான்கு பேர் கூடி, உரக்க, மாதம் முழுதும் படிக்கட்டும். புரியாத சொல்லுக்கு அகராதி பக்கத்தில் இருக்கட்டும். பிடிக்காத பாட்டின்மேல் இரண்டு நாள் அதிகம் இருக்கட்டும்.

அந்த ஆசிரியரின் கேள்விக்குப் பின், பங்கு இல்லத் திண்ணையில் பன்னிரண்டு பேர் கூடி லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை மட்டும் நான்கு வாரம் வாசித்தோம். விளக்கம் சொல்ல எனக்குத் தடை. கடைசி வாரம், உவமை முடிந்ததும் பீடி சுற்றும் ஓர் அம்மா, "அப்போ அந்தப் பெரியவன் உள்ள போனானா, போகலையா?" என்று கேட்டார். நூலில் அது இல்லை. எவரும் பேசவில்லை. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.