காயம் யாருடையது? தலித் தன்வரலாறுகளை முன்வைத்து

தலித் தன்வரலாறுகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. 'எழுதியதன் மூலம் எழுத்தாளர் தன் காயத்தை ஆற்றிக்கொண்டார்' என்பார்கள். கைதட்டல் விழும். கூட்டம் கலையும். வெட்டியவன் யார், அரிவாள் இப்போது யார் வீட்டு எறவாணத்தில் இருக்கிறது என்கிற கேள்வியும் கூட்டத்தோடு கலைந்து போகும். 'ஹீலிங்', 'கவுன்சிலிங்' என்ற சொற்களோடு இந்த வாசிப்பு இப்போது நம் தோழர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆறுதலே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அடிபட்டவளுக்கு ஆறுதல் வேணும். ஆற வேண்டியது எது, அதற்குப் பொறுப்பு யார் என்பதுதான் விவாதம்.

எம்.ஏ. தமிழில் தன்வரலாறு என்றால் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', காந்தியின் 'சத்திய சோதனை' என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஒருவர் கற்கிறார், தன்னோடு மல்லுக்கட்டுகிறார், வளர்கிறார். வளர்ச்சி என்பது அவருக்கு உள்ளே நடக்கிற சமாச்சாரம். இந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்து 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'வை அளந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. கொச்சைத் தமிழ் என்றார்கள், ஒழுங்கில்லை என்றார்கள். நிகழ்ச்சிகள் வயது வரிசையில் போகாமல் திரும்பத் திரும்ப வருவது குறையாகப்பட்டது. ஒரே அடி திரும்பத் திரும்ப விழுகிற வாழ்க்கையில் நினைவு எப்படி நேர்கோட்டில் போகும்?

'கருக்கு'வில் ஓர் இடம். தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அது கோமாளித்தனமில்லை, தொட்டால் தீட்டு என்பதற்காக அப்படி என்று அண்ணன் விளக்குகிறார். அந்தச் சிரிப்பு அங்கேயே நின்று போகிறது. தலித் குழந்தை 'வளர்கிற' இடம் இதுதான். தனக்குள் இறங்கித் தேடி அவள் இதை அடையவில்லை. தெருவில் நடந்ததன் பொருள் தெரிந்தபோது வளர்ந்தாள். அது தெரிந்த உடனே அவளுக்கு வந்தது கோபம். நம் தன்வரலாறுகளில் கோபம் ஒரு நோயாக வருவதில்லை. அது அறிவு.

பிறகு அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்கிறார். மடம் வசதியானவர்களின் பிள்ளைகளுக்கே உழைக்கிறது. ஏழாண்டுகளுக்குப் பிறகு வெளியே வருகிறார். வந்தவருக்கு வேலை நிச்சயமில்லை, தனியாக வாழ்வதற்குச் சமூகம் இடம் தருவதுமில்லை. நூல் அமைதியில் முடிவதில்லை. தலைப்பே அதைச் சொல்கிறதே! கருக்கு என்பது பனைமட்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற ரம்பப் பல். மட்டை சுமந்த கைக்குத் தெரியும் அது எப்படிக் கிழிக்கும் என்று. கிழிபட்டவர் அதையே கருவியாக எடுக்கவும் முடியும். ஆறிப்போனவர் வைக்கிற தலைப்பா இது?

கே.ஏ. குணசேகரன் 2005இல் தன் நூலுக்கு 'வடு' என்று பெயர் வைத்தார். புண் ஆறினாலும் வடு கிடக்கும். வள்ளுவரும் நாக்கு சுட்டதற்குத்தான் 'வடு' என்ற சொல்லை வைத்தார். இந்நூலில் கவனிக்க வேண்டியது அவர் காட்டுகிற இட வேறுபாடு. இளையான்குடியில் இசுலாமியர் நடுவே புழங்கியபோது படாத இழிவு, சாதி இந்துக்களின் கிராமங்களுக்குள் கால் வைத்ததும் படுகிறது. பையன் அதே பையன்தான், மனசும் அதே மனசுதான். மாறியது ஊர். அப்படியானால் சிகிச்சை யாருக்கு வேண்டும், பையனுக்கா ஊருக்கா?

இந்த எழுத்துமுறைக்கு முன்னோடி அண்ணல் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூலில் தன் அனுபவங்களை அவர் வழக்குச் சாட்சியம் போல அடுக்குகிறார். சிறுவனாகக் கோரேகாவுக்குப் போன பயணம், பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டது, 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் நடந்தது என்று தன் கதை நான்கு சொன்ன பிறகு, மற்றவர்களுக்கு நடந்த இரண்டைச் சேர்க்கிறார். சேரிக்குள் வந்து வைத்தியம் பார்க்க மறுத்த மருத்துவர் ஒன்று, அலுவலகத்தில் விரட்டப்பட்ட இளைஞன் ஒன்று. தன்வரலாற்றில் அடுத்தவர் கதைக்கு என்ன வேலை என்று இலக்கணம் கேட்கும். நம்முடைய 'நான்' அப்படித்தான். பக்கத்து வீட்டையும் சேர்த்ததுதான் அது.

சமூகக் காயத்தை மனநோயாக மாற்றுகிற வேலை தமிழில் புதிதுமல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி கேட்டதும் சங்கமாகத் திரண்டதும்தான் காரணம். அதைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' மிராசுதாரின் ஆண்மைக் குறைவில் போய்க் காரணம் தேடியது. சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கியது. ஃப்ராய்டு வந்தார், நெல் அளவு காணாமல் போனது. கொன்றவனுக்கு மனக்குறை, செத்தவனின் வாரிசுக்கு மனஆறுதல். நடுவே நிலம், கூலி, சாதி மூன்றும் தப்பித்துக்கொள்கின்றன.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான். அடுத்த ஆண்டு அந்த மாணவன் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தான். தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வெட்டுப்பட்ட பிள்ளையிடமே மீண்டு வருகிற பொறுப்பையும் கொடுத்துவிட்டு, அரிவாள் தூக்கிய பிள்ளைகளை வளர்த்த ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை பள்ளியைச் சரிசெய்யச் சொன்னது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது. உடனே எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளையின் வெற்றிக்குக் கைதட்ட முடிந்தது, ஒரு கயிற்றை அறுக்க மனசு வரவில்லை.

எங்கள் தெரு வாசிப்பு வட்டத்தில் 'கருக்கு'வைச் சத்தமாகப் படித்தோம். களையெடுப்புக்குப் போய்வந்து உட்கார்ந்திருந்த அத்தை ஒருவர் சொன்னார்: "எனக்கு அழுகை வரல தம்பி, கணக்குதான் வருது. எத்தன வருசம், எத்தன மரக்கா நெல்லு." அதற்குப் பிறகு அங்கே யாரும் அழவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் கணக்கைச் சொன்னார்கள். ஒரு பெண் குறித்துக்கொண்டாள். அந்த நோட்டோடு இப்போது கூலி பேசப் போகிறோம்.

தோழர்களே, மாணவர்களே, நம் தன்வரலாறுகளை இப்படிப் படித்துப் பாருங்கள். யார் மீண்டார் என்பதோடு நிறுத்தாமல், எது இன்னும் மாறவில்லை என்று எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு தீர்கிற அன்றைக்கு ஆறுதலைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.