கதைக்கு உண்டா சாதகம்?

பாட்டுக்காரர் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்கிறார் என்றால் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறோம். கதை எழுதுகிறவர் தினமும் பயிற்சி செய்கிறார் என்றால், அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறோம். இந்தச் சந்தேகம் தமிழுக்குப் புதிது. உரைநடைப் புனைகதையோடு சேர்ந்து வந்தது. அதற்கு முன் நம் புலவர்கள் பயிற்சியை ஒளித்துச் செய்யவில்லை.

திருப்பரங்குன்றத்துக் குகையில் பூதம் ஒன்று 999 பேரை அடைத்து வைத்திருந்ததாம். ஆயிரமாவது ஆளாக நக்கீரர் அகப்பட்டார். திருமுருகாற்றுப்படை பாடி அத்தனை பேரையும் மீட்டார் என்பது கதை. கேட்டவர்கள் அருளை நினைத்து நெகிழ்வார்கள். எனக்கு அந்த நூலின் 317 அடிகள்தான் கண்ணில் நிற்கின்றன. ஆபத்து வந்த நாளில் ஒருவர் வாயிலிருந்து 317 அடி ஆசிரியப்பா வர வேண்டுமானால், ஆபத்தில்லாத நாட்களில் எத்தனை ஆயிரம் அடி பாடிப் பழகியிருக்க வேண்டும்!

செய்யுள் காலத்துப் பயிற்சியில் முதன்மையானது ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது. ஆசிரியர் வெண்பாவின் கடைசி அடியைச் சொல்வார். மாணவர் அதற்கு முன்னே மூன்று அடி கட்ட வேண்டும். வெண்டளை பிறழக்கூடாது, எதுகை நிற்க வேண்டும், கொடுத்த அடிக்குப் பொருளும் பொருந்த வேண்டும். பெரும்பாலும் ஏடாகூடமான அடியாகத்தான் கொடுப்பார்கள். எட்டயபுரத்தில் தன்னை இழிவுபடுத்தக் கொடுக்கப்பட்ட ஈற்றடியையே பாரதி கொடுத்தவர் மேல் திருப்பிவிட்டதாகச் சொல்லப்படுவது எல்லோரும் அறிந்த செய்தி. முடிவு தெரிந்திருக்க, அதை நோக்கி வழி வெட்டும் இந்த வேலை சிறுகதைக்காரனுக்கு அப்படியே உதவும். ஆனால் 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கிப் பண்டிதர் தேர்வுகளை ஒழுங்குபடுத்தியபோதும், பயிற்சி செய்யுளோடு நின்றது. உரைநடைக்காரர்கள் தங்கள் சாதகத்தைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பலர் மொழிபெயர்ப்பில் தேடினார்கள். சுந்தர ராமசாமி எழுத வந்த காலத்திலேயே மலையாள எழுத்தாளர் தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலைத் தமிழாக்கினார், பிறகு ‘செம்மீன்’. அதன் பின்னரே 1966-ல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வந்தது. இன்னொருவர் நாவலை வரிவரியாகத் தன் மொழியில் கட்டிப் பார்த்தவருக்கு, அத்தியாயம் எங்கே திரும்புகிறது, பேச்சு எங்கே நிற்கிறது என்பது கைப்பழக்கமாகிவிடும்.

வாரத் தொடர் இன்னொரு பள்ளிக்கூடம். மதுரையில் பண்டிதத் தமிழ் படித்த நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற பெயரில் ‘கல்கி’யில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ மதுரையையும் திருப்பரங்குன்றத்தையும் வாசகர் மனத்தில் நிறுத்தியது. அதே திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஹார்விபட்டிக்காரர் சு. வெங்கடேசன். ‘காவல் கோட்டம்’ நாவலுக்குப் பத்தாண்டு எடுத்துக்கொண்டவர், பிறகு ‘வேள்பாரி’யை ‘ஆனந்த விகட’னில் வாராவாரம் எழுதினார். தவணை கதையை நகர்த்தக் கற்றுத்தரும். சொன்னதை அடித்துவிட்டு மறுபடி யோசிக்கும் பொறுமையைக் கற்றுத்தராது. நாள்தோறும் எழுதுவதன் உச்சம் ஜெயமோகனின் ‘வெண்முரசு’: 2014 தொடக்கத்திலிருந்து 2020 ஜூலை வரை, 26 நாவல்கள். அந்த உழைப்பின் முன் வாயடைத்துப் போகிறேன். ஆனாலும் புதிதாக எழுத வருகிறவர் அளவைப் பார்த்து மிரள வேண்டாம், ஒழுங்கை எடுத்துக்கொண்டால் போதும்.

சுருக்கி எழுதும் பயிற்சியும் உண்டு. அமெரிக்காவில் 1987-ல் தொடங்கிய 55 சொல் கதையைச் சுஜாதா தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தார். கையைக் கட்டிப்போட நல்ல கயிறு அது. ஆனால் நம்மவர்கள் கடைசி வரியில் ஒரு திடுக்கிடலை வைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதைவிடப் பயனுள்ளது பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோ 1947-ல் செய்தது. பாரிஸ் பேருந்தில் நடந்த ஓர் அற்ப நிகழ்ச்சியை 99 விதமாக எழுதினார். இங்கே மூன்று விதம் எழுதினாலே போதும். மதுரைப் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ்ஸில் சில்லறைத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். கண்டக்டர் சொன்னால்: “மொத டிரிப்புலயே ஐந்நூறு ரூவா நோட்ட நீட்டுறாரு. நான் எங்கிட்டுப் போறது?” பெரியவர் சொன்னால்: “பேங்குல இந்த நோட்டத்தான் குடுத்தாக தம்பி. நான் என்ன வீட்டுலயா அச்சடிக்கிறேன்?” இரண்டும் தகராறுதான், கதை இல்லை. மூன்றாவதாக, பக்கத்து சீட்டில் கூடையோடு இருக்கும் பூக்காரம்மா சொல்லட்டும்: “அவரு மடியில சில்லறை கெடக்கத்தான் செய்யுது. மஞ்சத் துணியில முடிஞ்சுல்ல வச்சிருக்காரு. முருகனுக்கு நேந்ததுல எப்படிக் கைய வைப்பாரு?” ஆளை மாற்றியதும் அந்த முடிச்சு கண்ணில் படுகிறது. முதல் இரண்டு வடிவமும் அங்கே கொண்டுவந்து விட்ட படிகள்.

பூக்காரம்மா பேசுவதற்கு எழுதுகிறவரின் காதில் அந்தப் பேச்சு இருக்க வேண்டும். எனவே எல்லாப் பயிற்சிகளிலும் நான் முதலிடம் கொடுப்பது சொல் சேகரிப்புக்கு. கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் தொகுத்து 1982-ல் வட்டார வழக்குச் சொல்லகராதியாக வெளியிட்டார். பின்னாளில் பெருமாள்முருகன் கொங்குச் சொற்களைத் தொகுத்தார். இவற்றை மொழியியல் பணி என்று மட்டும் பார்ப்பது போதாது. நாவலாசிரியர் இருவரின் சாதகக் குறிப்பேடுகள் அவை. ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது அதை யார், எந்த நேரத்தில், யாரிடம் சொன்னார் என்பதும் கூடவே மனத்தில் பதிந்துவிடுகிறது. கதாபாத்திரம் பாதி உருவாகிவிட்ட மாதிரிதான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மேலாண்மறைநாட்டில் மளிகைக்கடை நடத்தியபடி எழுதி, 2007-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற மேலாண்மை பொன்னுச்சாமிக்கும் மூலதனம் ஊரார் பேச்சுதான்.  

இன்று பல கல்லூரிகளில் படைப்பிலக்கியம் ஒரு தாளாக இருக்கிறது. சிறுகதையின் இலக்கணத்தைப் படித்து எழுதுவதற்கு அங்கே குறைவில்லை. காதைப் பழக்குவதற்குத்தான் இடம் வேண்டும். ஹார்விபட்டி, மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு. ஷிப்டுக்கு ஊதிய சங்கையும், நூல் அறுந்தால் சொன்ன சொல்லையும், மேஸ்திரிக்கு வைத்த பட்டப்பெயரையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அங்கே திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மதுரையில் அந்தத் தாளை நடத்தும் ஆசிரியர்கள் ஒரு பருவத்துக்காவது மாணவர்களை நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் அனுப்ப வேண்டும். கதை எழுதச் சொல்வதை அடுத்த பருவத்தில் வைத்துக்கொள்ளலாம்.