மெய்ப்பாடும் வாழ்க்கையும்

இலக்கியத்தில் உளவியலைத் தேடுவோர் இன்று பலர். ஒரு பாத்திரத்தின் நெஞ்சில் ஆசை பிறக்கிறது, அச்சம் பிறக்கிறது, சினம் பிறக்கிறது என்று நுணுக்கமாக எடுத்துக் காட்டுவார்கள். அவை எதனாற் பிறந்தன என்று கேட்டால் 'மனித இயல்பு' என்னும் ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். மறுபுறம், முற்போக்கு அணியிலேயே சிலர், வயிற்றுப் பசியைத் தவிர மனிதனை இயக்கும் சக்தி வேறில்லை என்பதுபோல் எழுதுகின்றனர். இவ்விரு நோக்குகளும் மனிதனைக் குறைத்தே காண்கின்றன என்பது நமது கருத்து. திருகோணமலைத் துறைமுகமும் அதன் அயற்கரைகளும் தமிழுக்குத் தந்த எழுத்துகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

உணர்ச்சி பற்றிய கோட்பாடு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை வகுத்து, 32 ஆக விரிக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பிற் புலப்படுதலே மெய்ப்பாடு. 1884இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், உடம்பில் நிகழும் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்று வாதிட்டார். கரடியைக் கண்டு ஓடும் மனிதனை உதாரணமாகக் காட்டினார். தொல்காப்பியரும் அச்சத்தின் காரணங்களுள் விலங்கைச் சேர்த்திருக்கிறார். ஆனால், அவர் அத்துடன் நிற்கவில்லை. அணங்கு, விலங்கு, கள்வர் என்ற வரிசையிலேயே தம்மை ஆளும் இறையையும் வைத்தார். அழுகையின் காரணங்களுள் வறுமையைச் சேர்த்தார். வெகுளிக்கு அவர் காட்டும் காரணங்களோ உறுப்பறுத்தல், குடிகெடுத்தல், அலைத்தல், கொல்லுதல். நான்கும் பிறர் இழைக்கும் கொடுமைகள். ஒருவனைக் கோபக்காரன் என்று பழிக்குமுன், அவனுக்கு இழைக்கப்பட்டது யாது என்று கேட்கும் முறை இது. இதனால் தொல்காப்பியரைப் பொதுவுடைமையாளர் ஆக்கிவிட நாம் முயலவில்லை. உவகைக்குச் செல்வத்தை ஒரு காரணமாக வைத்ததும் அதே நூல்தான். உணர்ச்சிக்குப் புறவுலகிற் காரணம் உண்டு என்ற உண்மையை அது மறைக்கவில்லை என்பதே நமக்கு முக்கியம்.

திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையை 'மோகனாங்கி' (1895) என்னும் வரலாற்று நாவலின் ஆசிரியராகவே பலர் அறிவர். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1892இல், அவர் 'தத்தைவிடு தூது' என்ற சிறு பிரபந்தத்தை வெளியிட்டார். கிளியைத் தூதுவிடுதல் பழைய மரபு. காதல் அதனினும் பழையது. ஆயினும், பெண்ணை வீட்டிற்குள் அடைத்து வைத்து, அவள் உள்ளத்தைக் கேளாமலே மணமுடித்து வைக்கும் வழக்கத்தை அவர் அப்பழைய வடிவத்தினுள் நிறுத்திக் கேள்வி கேட்டார். அங்கே காதலின் துயரம் பிரிவினால் மட்டும் விளைந்ததன்று. உரிமை மறுக்கப்பட்டதனாலும் விளைந்தது. உணர்ச்சி பழையதாயினும் அதன் காரணத்தை ஆசிரியர் சமூகத்தில் இனங்கண்டார். அந்நூலின் புதுமை இதுவே.

துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது மூதூர். அவ்வூரின் வ. அ. இராசரத்தினம் ஆசிரியத் தொழில் செய்தவர். அவருடைய 'தோணி' என்ற சிறுகதையைப் பெயராகக் கொண்ட தொகுதி 1962இல் வெளிவந்தது. ஏழை மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் தனக்கெனச் சொந்தத் தோணி வேண்டும் என்று ஏங்குவதே அக்கதையின் உயிர்நாடி. 1943இல் ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளைப் படிகளாக அடுக்கினார். உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை நிறைவேற்றல் என்ற அவ்வரிசையில், கீழ்ப்படி ஓரளவேனும் நிறைந்த பின்னரே மேற்படி தலைதூக்கும் என்றார்; விதிவிலக்குகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டார். 'தோணி'யைப் படிப்பவருக்கு இப்படிவரிசை போதாது என்பது விளங்கும். கடலோரத்து ஏழைக்குத் தோணி என்பது சோறு; அதுவே மதிப்பு; அதுவே அன்புக்கும் குடும்பத்துக்கும் வழி. பசித்திருப்பவன் மானத்தை நாளைக்கென்று ஒத்திவைப்பதில்லை. உற்பத்திக் கருவி யார் கையில் என்ற பொருளியற் கேள்வி இங்கே ஓர் இளநெஞ்சின் ஏக்கமாக உருக்கொள்கிறது. 'வயிறு மட்டுமே' என்போருக்கும் 'மனம் மட்டுமே' என்போருக்கும் இக்கதை ஒருங்கே விடை கூறுகிறது.

அச்சத்தையும் இவ்வாறே நோக்க வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அன்று மக்களைப் பற்றிய அச்சம் இயற்கையின் சீற்றத்தால் வந்ததன்று. பிரித்தானியப் பேரரசின் கடற்படைத் தளம் அங்கு இருந்தமையால் வந்தது. அத்தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆனால் அச்சம் ஊரைவிட்டு நீங்கவில்லை. 2006 ஜனவரி 2ஆம் நாள் அதே நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் போதிய சான்று இல்லை என்று 2019இல் நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் சாட்சிகளுட் சிலர் அஞ்சி நாட்டைவிட்டே சென்றிருந்தனர். அவர்களைக் கோழைகள் என்று கூற யாருக்குத் துணிவு வரும்? விலங்குக்கும் கள்வருக்கும் பக்கத்தில் ஆள்வோனை வைத்த பழைய இலக்கண ஆசிரியர், ஆளும் அதிகாரமே அச்சத்தை விளைவிக்கும் என்பதை அறிந்திருந்தார்.

ஆகவே, படைப்பாளிகளிடமும் விமர்சகர்களிடமும் நாம் வேண்டுவது இதுதான். உணர்ச்சியைக் கண்டு கூச வேண்டாம். கொள்கையை முழங்கும் பொம்மைகளை மனிதர் என்று நம்மிடம் காட்டவும் வேண்டாம். அழுபவனின் கண்ணீரை எழுதுங்கள். அக்கண்ணீரின் காரணத்தையும் எழுதுங்கள். வகுப்பறையில் மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், எட்டையும் முப்பத்திரண்டையும் மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிப்பதோடு நின்றுவிடலாகாது. இன்று நம் ஊரில் அழுகை எதனால், அச்சம் யாரால், வெகுளி எதன்மேல் என்று அவர்களைக் கேட்கச் செய்தல் வேண்டும். காரணம் அறியாத துயரம் விதியென்று அடங்கிவிடும். காரணம் அறிந்த துயரமோ மாற்றத்தை நாடும். தொல்காப்பியர் பெருமிதத்தின் காரணங்களாகக் கல்வியையும் தறுகண்மையையும் சேர்த்தே கூறினார். அஞ்சாமை இல்லாத கல்வியால் அப்பெருமிதம் நிறைவு பெறாது.