‘காவல் மாற்றம்’: ஓர் ஆசிரியரின் வெற்றி

தொலைக்காட்சி நாடகத்தை இலக்கியத்தோடு ஒருங்கு வைத்து எண்ணுதற்குத் தயங்குவோர் நம்மிடைப் பலர். மாலையிற் பார்த்து மறுநாட் காலையில் மறந்துவிடத்தக்க பொழுதுபோக்கே அது என்பது அவர்தம் கருத்து. பெரும்பாலான நாடகங்களைப் பொறுத்தவரை அக்கருத்துப் பிழையன்று. எனினும், அரைமணி நேரத்துள் அடங்கும் சிறு நாடகம் ஒன்று, நல்ல சிறுகதை ஆற்றும் பணியை ஆற்றிப் பார்த்தோர் உள்ளத்தில் நெடுங்காலம் தங்கி நிற்றலும் உண்டு. அத்தகைய ஒன்றனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐக்கிய அமெரிக்காவிலே சி.பி.எஸ். நிறுவனம் 1959 முதல் 1964 வரை ஒளிபரப்பிய ‘ருவைலைற் சோன்’ என்பது ஒரு தொகுப்புத் தொடர். அதன் ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. ஒன்றில் வந்த பாத்திரம் மற்றொன்றில் வருவதில்லை. சிறுகதைத் தொகுதி ஒன்றனைப் படிப்பது போலவே அதனைப் பார்த்தல் வேண்டும். மொத்தம் 156 பகுதிகளுள் 92 பகுதிகளை எழுதியவர், தொடரை உருவாக்கிய றொட் சேர்லிங் என்பார். அச்சமும் வியப்புமே அத்தொடரில் மிகுந்து காணப்படும் சுவைகள். அவற்றின் நடுவே, 1962 ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி ஒளிபரப்பாகிய ‘த சேஞ்சிங் ஒவ் த கார்ட்’ என்னும் பகுதி தனித்து நிற்கின்றது. ‘காவல் மாற்றம்’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். எழுதியவர் சேர்லிங், நெறிப்படுத்தியவர் றொபேர்ட் எல்லிஸ் மில்லர்.

கதை மிக எளியது. வெர்மொண்ட் மாநிலத்திலுள்ள ஆண்கள் பாடசாலை ஒன்றில் ஐம்பத்தோராண்டு இலக்கியம் கற்பித்தவர் பேராசிரியர் எல்லிஸ் பவுலர். நத்தார் விடுமுறைக்கு முன்னைய இறுதி வகுப்பிலே மாணவரை அன்போடு கடிந்து, வாழ்த்தி அனுப்புகின்றார். பின்னர் தலைமையாசிரியர் அவரை அழைத்து, பாடசாலை ஆளுநர்கள் அனுப்பிய கடிதத்தைப் பற்றி வினவுகின்றார். அது வழக்கம்போல் வந்த பணிநீடிப்புக் கடிதமே என்று எண்ணிய முதியவர், அதனைப் பிரித்துப் பார்க்கவேயில்லை. அதிலிருந்ததோ அவர் ஓய்வுபெறல் வேண்டும் என்னும் முடிவு. தலைமையாசிரியர் கொடியவரல்லர், இரக்கத்தோடுதான் பேசுகின்றார். ஆயினும், இரக்கத்தோடு சொல்லப்பட்டமையால் அச்செய்தியின் கூர்மை குறைந்துவிடவில்லை.

வீடு திரும்பிய பவுலர் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்க்கின்றார். வீட்டுப்பணிகளைக் கவனிக்கும் திருமதி லான்டர்ஸ் அம்மையாரிடம் தம் வாழ்வு பயனற்றுப் போயிற்று என்கின்றார். தாம் கற்பித்த கவிதைகள், மாணவர் வாயிலைக் கடந்த கணமே அவர்தம் நெஞ்சை விட்டும் நீங்கியிருக்கும் என்பது அவர் துயரம். பின்பு மேசை இழுப்பறையிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பனி மூடிய பாடசாலை வளவுக்குச் செல்கின்றார். அங்கே கல்வியாளர் ஹொரஸ் மானின் சிலை நிற்கின்றது. மனிதகுலத்துக்கு ஒரு வெற்றியையேனும் தேடித் தராமல் இறப்பதற்கு நாணுதல் வேண்டும் என்னும் கருத்துடைய வாசகம் அதிலே பொறிக்கப்பட்டுள்ளது. அவர் தம் முடிவை நிறைவேற்ற இருக்கும் வேளையில் வகுப்பு மணி ஒலிக்கின்றது.

மணியோசையைக் கேட்டு வகுப்பறையுட் புகுந்தவர் முன்னே மாணவர் சிலர் தோன்றுகின்றனர். அவர்கள் யாவரும் இறந்தவர்கள். ஒருவன் ஐவோ ஜீமாப் போரில் மாண்டு, பதக்கம் பெற்றவன். இன்னொருவன் பேர்ள் துறைமுகத்திலே தோழர்களைக் காக்க முயன்று உயிர் நீத்தவன். மற்றொருவன் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை பற்றி ஆராயும்போது அக்கதிரினாலேயே நோயுற்று இறந்தவன். ஒவ்வொருவரும் தாம் செய்ததைக் கூறி, அவ்வேளையில் தமக்குத் துணைநின்றது அவர் கற்பித்த இன்ன கவிதையே என்று எடுத்துரைக்கின்றனர்.

இந்நாடகத்தின் ஆற்றல் எங்கே உள்ளது? இறந்தோர் எழுந்து வந்தமை இத்தொடரிற் புதுமையன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறும் இலக்கணத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் விடை தெளிவாகும். அழுகை தோன்றுதற்கு அவர் நான்கு நிலைக்களன்களைக் கூறினார்: பிறரால் எளியனாக்கப்படுதல், இழத்தல், தன் பழைய நிலை குலைதல், வறுமை. பவுலரிடத்து இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றக் காண்கின்றோம். பிரிக்கப்படாத கடிதத்தால் எளியராகின்றார், பணியை இழக்கின்றார், ஐம்பத்தோராண்டு நின்ற நிலையிலிருந்து தாழ்கின்றார், இறுதியிலே, கொடுத்தது ஒன்றுமில்லை என்று எண்ணித் தம்மை வறியவராகக் காண்கின்றார். இவ்வறுமை பொருளின் வறுமையன்று. தம் வாழ்வே வெறுமை என்று கருதும் உள்ளத்தின் வறுமை. நான்கனுள்ளும் அதுவே அவரைத் துப்பாக்கியை எடுக்கச் செய்கின்றது.

அதே இயலிற் பெருமிதத்துக்குக் கூறப்பட்ட நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பன. மாணவர் கொண்டுவரும் விடைகளும் இவையே. அஞ்சாமை ஒருவனிடம், புகழ் பதக்கம் பெற்றவனிடம், உயிர்க்கொடை எல்லோரிடமும். இவற்றுக்கு வேராகிய கல்வி மட்டும் ஆசிரியரிடமிருந்து சென்றது. அழுகையிலிருந்து பெருமிதத்துக்கு ஓர் உள்ளத்தை இருபத்தைந்து நிமிடத்திற் பழுதின்றி நடத்திச் சென்றமையே சேர்லிங்கின் சாதனை எனலாம்.

அமைப்பிலும் நுட்பம் உண்டு. அம்மையாரோடு பேசும்போது, வந்து மறையும் மாணவரைப் பவுலர் ஆவிகளுக்கு ஒப்பிடுகின்றார். அப்போது அது வெறும் உவமை. சற்று நேரத்தில் அவ்வுவமையே மெய்யாகி வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றது. சலிப்பிற் கூறிய சொல்லே ஆறுதலாகத் திரும்பி வருகின்றது. அவ்வாறே சிலையின் வாசகமும். முதலில் அது அவரைக் குற்றஞ் சாட்டுகின்றது. முடிவில் அதுவே அவருக்குச் சான்றிதழாகின்றது. வாசகம் மாறவில்லை, படிப்பவர் மாறினார்.

இவ்விடத்தில் ஜேம்ஸ் ஹில்ரன் 1934 இல் வெளியிட்ட ‘குட்பை மிஸ்டர் சிப்ஸ்’ என்னும் குறுநாவல் நம் நினைவுக்கு வரும். அதிலே, முதல் உலகப் போரில் மாண்ட பழைய மாணவரின் பெயர்களைச் சிப்ஸ் பாடசாலைத் தேவாலயத்தில் வாசிக்கின்றார். அங்கே ஆசிரியர் இறந்தோரை நினைக்கின்றார். இங்கே இறந்தோர் ஆசிரியரை நினைக்கின்றனர். இரண்டும் வேறு. தாம் மாணவரை மறக்கவில்லை என்பது சிப்ஸ் அடையும் ஆறுதல். தாம் மறக்கப்படவில்லை என்பது பவுலர் அடையும் ஆறுதல். பின்னையது ஆசிரியர் எவரும் தாமாகத் தேடிப் பெற இயலாதது. பிறர் வந்து கூறினாலன்றி அறிய இயலாதது.

சேர்லிங்கின் வாழ்வும் இதற்கு உரையாக அமைகின்றது. அவர் இரண்டாம் உலகப் போரிற் பிலிப்பைன்ஸ் தீவுகளிலே குடைவீரராகப் போரிட்டுக் காயமுற்றவர். போரின் பின் ஒகையோ மாநிலத்து அன்ரியொக் கல்லூரியிற் கற்று 1950 இற் பட்டம் பெற்றார். அக்கல்லூரியின் முதல் தலைவரே ஹொரஸ் மான். சிலையிலுள்ள வாசகம், அவர் 1859 ஆம் ஆண்டு, தாம் இறந்த அதே ஆண்டில், அங்கு பட்டம் பெற்றோர்க்குக் கூறிய அறிவுரை. நாடகம் ஒளிபரப்பாகிய 1962 இலேயே சேர்லிங் அக்கல்லூரிக்குத் திரும்பிச் சில காலம் கற்பித்தார். எனவே, வகுப்பறையில் எழுந்து நின்று பேசும் இளைஞர் அவருடைய தலைமுறையினர், போரிலிருந்து திரும்பாதவர்கள். திரும்பி வந்த ஒருவர் அவர்களுக்காகவும் பேசி, ஆசிரியருக்கு நன்றி கூறிய நாடகம் இது என்று கொள்ளுதல் பொருந்தும்.

பவுலராக நடித்த டொனால்ட் பிளெசென்ஸ் ஆங்கிலேயர். போரில் விமானப்படையிற் பணியாற்றிச் சிறைப்பட்டவர். நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு அல்லது நாற்பத்துமூன்றே. முதுமையை ஒப்பனை தந்தது. ஆனால் செய்தியைக் கேட்டபின் தோன்றும் அந்தத் தடுமாற்றத்தை ஒப்பனை தரவியலாது. உரத்து அழாமல், பணிவான சிரிப்பு மெல்ல மறைவதனாலேயே துயரத்தைக் காட்டியமை அவர் கலைத்திறன்.

குறையும் கூறாதுவிடின் திறனாய்வு நிறைவுறாது. பவுலரைத் தேடி வருவோர் அனைவரும் தியாகிகள். ஐம்பத்தோராண்டில் அவரிடம் கற்றோருட் கடைக்காரரும் எழுதுவினைஞரும் நல்ல தந்தையரும் இருந்திருப்பர் அல்லரோ? அவர்களிடத்துக் கவிதை ஒன்றும் செய்யவில்லையா? வீரச்சாவு ஒன்றே கல்வியின் பயனுக்குச் சான்று என்றால், அமைதிக் காலத்து ஆசிரியருக்குச் சான்று ஏது? சேர்லிங் இவ்வினாவை நேரே எதிர்கொள்ளவில்லை. போரின் நினைவு மிகுந்திருந்த அத்தலைமுறைக்கு வெற்றி என்றவுடன் போர்க்களமே கண்முன் நின்றது போலும்.

ஆயினும், இறுதிக் காட்சி அக்குறையை ஓரளவு நிரப்புகின்றது. வீடு திரும்பிய பவுலரின் சாளரத்தின் வெளியே, உயிரோடிருக்கும் மாணவர் வந்து நத்தார்ப் பாட்டுப் பாடுகின்றனர். அவர்கள் யாதொரு வீரமும் புரிந்தவரல்லர். அன்று காலை அவரிடம் கடிந்துரை கேட்டவர்களே. அவர்கள் வந்தமைக்கு மாயம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. முதியவர் மனநிறைவோடு ஓய்வை ஏற்றுக்கொள்கின்றார். காவல் மாறுகின்றது, காக்கப்பட்ட பொருள் அழியவில்லை.

உண்மை வாழ்விலே எந்த ஆசிரியருக்காகவும் இரவில் மணி ஒலிப்பதில்லை. விதைத்தவர் விளைவைக் காணாமலே வயலைவிட்டுச் செல்லுதல் இத்தொழிலின் இயல்பு. அவ்வியல்பைச் சேர்லிங் மறுக்கவில்லை. அதனாற் பிறக்கும் ஐயம் எவ்வளவு கொடியது என்பதையே காட்டினார். அதனைத் தீர்க்க நாடகத்தில் இறந்தோர் எழுந்து வரவேண்டியிருந்தது. உயிரோடிருக்கும் பழைய மாணவருக்கோ அவ்வளவு தொல்லை இல்லை. தமக்குக் கற்பித்தவர் இன்னும் இருக்கும்போதே, அவர் கற்பித்த ஒரு பாடல் தம் நெஞ்சில் நிற்கின்றது என்று ஒரு கடிதம் எழுதினாற் போதும். 1962 இல் ஒளிபரப்பாகிய இச்சிறு நாடகம் நம்மை வேண்டி நிற்பது அதுவே.