பல்துறை ஈடுபாடும் ஆய்வு ஒருமையும்: பெ. சுந்தரம் பிள்ளையின் நூல்களை முன்வைத்து

முன்னுரை

திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) தமிழுலகில் ‘மனோன்மணீயம்’ ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். நாடகத்தோடு அவர்தம் உழைப்பு நின்றுவிடவில்லை. கல்வித்துறைகளை வகைப்படுத்தும் ‘நூற்றொகை விளக்கம்’ (1888), திருஞானசம்பந்தர் காலம் பற்றிய ஆங்கில ஆய்வு, வேணாட்டு மன்னர் வரலாற்றைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு அமைத்த ஆங்கில நூல் (1894) என அவர் எழுத்துகள் பல துறைகளில் விரிந்துள்ளன. 42 ஆண்டுகளே வாழ்ந்த ஒருவர், கல்லூரிப் பணிக்கும் சில ஆண்டு வருவாய்த்துறை அலுவலுக்கும் இடையே இத்தனை துறைகளில் ஈடுபட்டது வியப்புக்குரியது. எனினும் வியப்பு ஆய்வாகாது. இவ்வீடுபாடுகள் ஒன்றோடொன்று தொடர்பற்ற விருப்பங்களா, அன்றி ஓர் அடிப்படை நோக்கின் பல வெளிப்பாடுகளா என்பது ஆராயத்தக்கது. பல்துறை ஈடுபாட்டால் அவருடைய படைப்பு பெற்ற பயனையும் இழந்ததையும் ஒருங்கே மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரித்துப் படிக்கும் வழக்கம்

இன்றைய கல்விச் சூழலில் சுந்தரம் பிள்ளையின் நூல்கள் துறைவாரியாகப் பங்கிடப்பட்டுள்ளன. நாடகம் தமிழ்த்துறைக்கு உரியதாயிற்று. வேணாட்டு மன்னர் ஆய்வு வரலாற்றுத்துறைக்கு உரியதாயிற்று. சம்பந்தர் கால ஆராய்ச்சி இலக்கிய வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கியது. நூற்றொகை விளக்கமோ பெயரளவில் சுட்டப்படுவதோடு நின்றுவிடுகிறது. நாடகத்தின் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதி 1970இல் தமிழக அரசால் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அப்பெருஞ்சிறப்பு ஆசிரியரின் பெயரை நிலைநிறுத்தியது. அதே வேளையில் அவருடைய பிற பணிகளைப் பின்னுக்குத் தள்ளியது என்பதும் உண்மையாகும்.

இப்பங்கீட்டால் விளையும் இழப்பு, சில நூல்கள் படிக்கப்படாமற் போவது மட்டுமன்று. படிக்கப்படும் நூலும் முழுமையாக விளங்காமற் போகிறது என்பதே பேரிழப்பு. வணக்கப் பாடலே இதற்குச் சான்று பகரும். திராவிட மொழிகளின் உறவை அப்பாடல் உருவகமாக்கியுள்ளது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் (1856, திருத்திய பதிப்பு 1875) நிறுவிய மொழியினக் கருத்து கவிதையாக மாறிய இடம் அது. அதே கால்டுவெல் சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினராகக் கொண்டபோது அதனை மறுக்க முனைந்தவரும் சுந்தரம் பிள்ளையே. நாடகத்தை மட்டும் பயில்வோர்க்கு அவர் கால்டுவெல்லைப் பின்பற்றியவராகத் தோன்றுவார். ஆராய்ச்சியை மட்டும் பயில்வோர்க்கு அவரை எதிர்த்தவராகத் தோன்றுவார். இரண்டையும் ஒருங்கே பயில்வோர்க்கே, சான்று உள்ள இடத்தில் ஏற்று, சான்று இல்லாத இடத்தில் மறுக்கும் ஆய்வாளர் ஒருவர் புலப்படுவார்.

நூற்றொகை விளக்கம் காட்டும் அடிப்படை

சுந்தரம் பிள்ளையின் பல்துறை நோக்கிற்குரிய திறவுகோல் நூற்றொகை விளக்கமேயாகும். அறிவுத்துறைகள் எவை, அவை எவ்வாறு ஒன்றனுள் ஒன்று அடங்குகின்றன அல்லது ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன என்பதைத் தமிழில் வகுத்துரைக்கும் முயற்சி அது. மேலைநாட்டில் கோம்த் 1830 முதல் 1842 வரை வெளியிட்ட தம் பெருநூலிலும், எர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் வெளியிட்ட நூலிலும் அறிவியல் துறைகளை வகைப்படுத்தியிருந்தனர். மெய்யியல் பயின்று 1880இல் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர் அக்கால மெய்யியலின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றைத் தமிழில் எழுப்பினார் என்பதே அந்நூலின் சிறப்பு.

தமிழ் மரபுக்கு இத்தகைய வகைப்பாடு புதியதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக நிரல்படுத்துகிறது. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் இசை, கூத்து நூல்களின் செய்திகளை உரையினுள் கொணர்ந்தார். ஒரு நூலை விளக்கப் பல நூல் அறிவு வேண்டும் என்பது உரையாசிரியர்கள் நடைமுறையில் காட்டிய நெறியாகும். சுந்தரம் பிள்ளை அந்நெறியை உரையிலிருந்து விடுவித்துத் தனிப்பொருளாக்கினார். துறைகளுக்கு இடையேயுள்ள உறவையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். எனவே பல துறைகளில் ஈடுபடுமுன் துறை என்பது யாது எனச் சிந்தித்தவராக அவர் காணப்படுகிறார். துறைகளின் எல்லையை அறிந்து கடப்பதற்கும் அறியாது கடப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்குக் கருதத்தக்கது.

காலமும் கல்வெட்டும்

சம்பந்தர் கால ஆராய்ச்சியில் அவர் கையாண்ட முறை எளியது, ஆயினும் உறுதியானது. பெயரொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு புலவரின் காலத்தை முடிவு செய்தல் ஆகாது என்பது அதன் தொடக்கம். சம்பந்தரை அறிந்து போற்றுவோர் எக்காலத்தவர், அவர்க்குப் பின்னரே தோன்றியிருக்க இயலும் என்று கொள்ளத்தக்க நூல்கள் எவை என்று வினவி, கால எல்லையைப் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளுவது அம்முறை. பதின்மூன்றாம் நூற்றாண்டு என்னும் கருத்து இதனால் நிலைகுலைந்தது. பின்வந்த ஆய்வாளர் சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டினராகக் கொண்டனர். சுந்தரம் பிள்ளை முடிந்த முடிபைத் தந்தார் என்பதைவிட, அம்முடிபை நோக்கிச் செல்லும் வழியைத் திறந்தார் என்பதே பொருந்தும்.

வேணாட்டு மன்னர் பற்றிய ஆய்விலும் இதே முறை தொழிற்படுகிறது. மரபுக் கதைகளையும் புராணச் செய்திகளையும் விலக்கி, கொல்லம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து, அவற்றில் காணும் மன்னர் பெயர்களை ஆண்டு வரிசையில் நிறுத்தினார். கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு கல்வெட்டில் எழுதப்பட்டிருக்கும்போது ஊகத்திற்கு இடம் குறைகிறது. வட்டெழுத்தைப் படிக்கும் திறனும் பழந்தமிழ்ப் பயிற்சியும் இல்லாதவர்க்கு இப்பணி கைகூடாது. மெய்யியலார் தந்த ஏரணமும் தமிழறிஞர் தந்த மொழியறிவும் வரலாற்றாசிரியர்க்குக் கருவிகளாயின. ஒரு துறையில் பெற்ற பயிற்சி பிறிதொரு துறையில் சான்றாக மாறும்போதே பல்துறை ஈடுபாடு பொருளுடையதாகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இவ்வாய்வுகளை அவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதும் நோக்கத்தக்கது. தமிழன்பர் பாராட்டும் வட்டத்திற்குள் நின்றுவிடாது, வரலாற்று ஆய்வாளர் மறுத்துரைக்கக்கூடிய அரங்கில் தம் கருத்துகளை அவர் வைத்தார். பிற துறையினுள் புகுவோர் அத்துறையின் சோதனைக்கும் உட்பட வேண்டும் என்னும் பொறுப்புணர்வு இதில் வெளிப்படுகிறது.

நாடகத்தில் துறைகளின் கலப்பு

1891இல் வெளிவந்த மனோன்மணீயம், லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் கதைப்பாடலைத் தழுவியது. கனவிலே கண்டு காதல் கொள்ளும் இளவரசியும் மன்னனும், கோட்டையினின்று வெளிச்செல்லும் மறைவழியும் மூலத்திலிருந்து வந்தவை. கதை நிகழும் களமோ முற்றிலும் தென்னாட்டுக்குரியது. பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை அமைக்கிறான். சேரன் புருடோத்தமனோடு நாஞ்சில் நாடு பற்றிய பூசல் எழுகிறது. நாடகம் வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வேணாட்டு வரலாற்றை எழுதவிருந்தவரின் மனத்தில் நாஞ்சில் நாட்டு எல்லை வெறும் கற்பனைக் களமாக இருந்திருக்க இயலாது. அயல்நாட்டுக் கதை தமிழ் மண்ணில் வேரூன்றியமைக்கு அவரது வரலாற்று நாட்டமும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

மெய்யியல் நாடகத்தின் மற்றொரு தளமாக அமைகிறது. சீவகன், குடிலன், மனோன்மணி என்னும் பெயர்களே உயிர், வஞ்ச மனம், தூய உள்ளம் ஆகியவற்றைக் குறிப்பாக உணர்த்துகின்றன. குருவாகத் தோன்றும் சுந்தர முனிவரின் பாத்திரத்தில், ஆசிரியர் தம் ஞானாசிரியராகக் கொண்ட கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் நினைவு படிந்துள்ளது எனக் கருத இடமுண்டு. முனிவர் அமைக்கும் மறைவழி, லிட்டனிடத்துக் கதைத் திருப்பத்திற்குரிய உத்தி. சுந்தரம் பிள்ளையிடத்து அதுவே உயிர் சிறைநீங்கும் வழியெனவும் பொருள்படுகிறது. மூலக்கதையின் ஒரு பொருளுக்கு மற்றொரு பொருளைச் சேர்க்க அவரால் இயன்றது மெய்யியல் பயிற்சியாலேயாம்.

அறிவியல் நாட்டத்திற்கு நடராசனின் தனிமொழி சான்றாகிறது. வயல்வெளியில் நிற்கும் அவன் புல்லையும் நாங்கூழ்ப் புழுவையும் உற்றுநோக்குகிறான். மண்ணைப் பதப்படுத்தி உழவுக்கு உதவும் சிற்றுயிரின் ஓயாத உழைப்பு அவனை நெகிழச் செய்கிறது. மண்புழு மண்ணை உருவாக்கும் வகை பற்றி டார்வின் எழுதிய நூல் 1881இல் வெளிவந்தது. தமிழ்க் கவிதையில் புழு பொதுவாக இழிவின் குறியாகவோ பிறவியின் குறியாகவோ வருவது. இங்கு அது உழைப்பாளியாக, உலகை ஓம்பும் உயிராக வருகிறது. உயிர்நூல் அறிவு கவிதையின் குறியீட்டையே மாற்றிவிட்ட இடம் இது.

ஈடுபாட்டின் விலை

பல்துறை ஈடுபாடு தீங்கின்றி அமைவதில்லை. நாங்கூழ்ப் புழுவைப் பற்றிய தனிமொழி கவிதையாக உயர்ந்து நிற்கிறது; நாடகமாக நோக்கின் கதையோட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறது. கோல்டுஸ்மித்தின் கதைப்பாடலைத் தழுவிய ‘சிவகாமி சரிதம்’ என்னும் கிளைக்கதையும் இத்தன்மையதே. ஆசிரியர்க்குத் தெரிந்தவை பாத்திரத்திற்குத் தேவையானவற்றை விஞ்சும் இடங்களில் நாடகம் தளர்கிறது. மனோன்மணீயம் நடிப்பதற்கன்றிப் படிப்பதற்குரிய நாடகம் என்று திறனாய்வாளர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆராய்ச்சியிலும் இவ்விலை உண்டு. தொடங்கிய பணிகள் பல, அவர் வாழ்நாளுக்குள் நிறைவெய்தவில்லை. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளை முறையாகத் தொகுத்து வெளியிடும் வரிசை 1910இலேயே து. அ. கோபிநாத ராவ் முயற்சியால் தொடங்கியது. மனோன்மணீயத்திற்குச் செம்மையான பதிப்பைத் தரும் பணியை எஸ். வையாபுரிப் பிள்ளை 1922இல் மேற்கொண்டார். கல்வெட்டியலாரும் பதிப்பாசிரியரும் தத்தம் துறையில் ஊன்றி நின்று செய்த பணிகள் இவை. ஒரு துறையில் ஊன்றி நிற்போரின் உழைப்பு இன்றேல், பல துறைகளில் விதைத்தோரின் பயிர் அறுவடைக்கு வாராது.

எனினும் இவ்விரு நிலைகளையும் முற்றிலும் எதிரெதிராக நிறுத்துதல் பொருந்தாது. வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் பணியாற்றி, 1936இல் அதன் தொகுதிகளை நிறைவுசெய்தவர். 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். சான்றை எடைபோடும் வழக்கறிஞரின் பழக்கம் பதிப்புப் பணியிலும் காலவாராய்ச்சியிலும் அவர்க்குத் துணைநின்றது என்று கருதுவதில் தவறில்லை. துறையூன்றிய அறிஞர் என்று போற்றப்படுவோரும் வேறொரு துறையின் வாயிலாகவே தம் துறைக்கு வந்திருத்தல் கூடும். இருவரிடையே உள்ள வேறுபாடு, பரப்புக்கும் ஆழத்திற்கும் அவர்கள் அளித்த பங்கின் அளவே அன்றி வேறன்று.

மதிப்பீட்டுக்குரிய அளவுகோல்

மேற்கூறியவற்றால், பல்துறை ஈடுபாட்டை மதிப்பிட மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒரு துறையின் அறிவு மற்றொரு துறையில் சான்றாகவோ கருவியாகவோ பயன்படுதல் வேண்டும். புகும் துறையின் விதிகளுக்கும் மறுப்புகளுக்கும் ஆய்வாளர் உட்படுதல் வேண்டும். பின்வரும் துறையறிஞர் எடுத்துத் தொடரத்தக்க ஒன்றை விட்டுச் செல்லுதல் வேண்டும். சுந்தரம் பிள்ளையின் ஆய்வுகள் இம்மூன்றையும் நிறைவு செய்கின்றன. நாடகம் முதலாவதைச் சில இடங்களில் நிறைவு செய்து, சில இடங்களில் தவறுகிறது. இவ்வேறுபாட்டை மறைத்து அவரைப் பல்கலைச் செல்வர் என்று பொதுப்படப் புகழ்வது ஆய்வுக்கு உதவாது.

இவ்வளவுகோல்கள் இன்றைய முனைவர் பட்ட ஆய்வுகளுக்கும் பொருந்துவன. ஒரு புலவர், ஒரு நூல், ஒரு கூறு எனத் தலைப்பைக் குறுக்குவது ஆழத்தை நாடியே. குறுகிய தலைப்பு குறுகிய வாசிப்பாக மாறும்போது அந்நோக்கம் சிதைகிறது. மனோன்மணீயத்தின் உவமைகளை ஆராயும் மாணவர் ஒருவர் நூற்றொகை விளக்கத்தைத் தொடாமலே ஆய்வேட்டை முடித்துவிட இயலுமாயின், குறை மாணவரிடத்து மட்டும் உளதாகாது. பாடத்திட்டத்திலும் நெறியாள்கையிலும் உளதாகும். தலைப்பு ஒன்றாக இருத்தல் வேண்டும். அதனை விளக்கும் வாசிப்பு பலவாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

மெய்யியலை வாழ்தொழிலாகக் கொண்ட சுந்தரம் பிள்ளை, வகைப்படுத்தல், சான்று தேடல், கால எல்லை வகுத்தல் என்னும் ஒரே முறையை வெவ்வேறு பொருள்களின்மீது செலுத்தினார். அவருடைய ஈடுபாடுகள் பலவாயினும் ஆய்வுமுறை ஒன்றே. ஆதலின் அவருடைய நூல்களைத் துறைவாரியாகப் பிரித்துப் படிப்பது அவர்தம் முறையையே காணாது விடுவதாகும். மெய்யியல் ஆசிரியர் ராபர்ட் ஹார்விக்கு ஒரு தமிழ் நாடகத்தைக் காணிக்கையாக்கியவர் அவர். அறிவுத்துறைகளுக்கு இடையே வேலி கட்டாதவர் என்பதை அச்செயலே உணர்த்தும். ஆங்கிலத்தில் அமைந்த அவருடைய வரலாற்று ஆய்வுகளைத் தக்க குறிப்புகளுடன் தமிழாக்கி, நாடகத்தோடும் நூற்றொகை விளக்கத்தோடும் ஒரே தொகுப்பாகப் பாடத்தில் வைப்பது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அத்தொகுப்பு நாடகாசிரியரையும் வரலாற்றாசிரியரையும் மெய்யியலாரையும் ஒரே மனிதராக மாணவர்க்குக் காட்டும்.